விளம்பரத்தில் வந்த என் வயிறு

"மூன்றாவது சிட்டிங் முடிந்தது. வரிகள் அப்படியே இருக்கின்றன. புதிதாகக் கரும்புள்ளிகள். போகப்போக மங்கிவிடும் என்கிறார்கள்." சென்ற ஆண்டு ஆவணி மாத டைரியில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. எது நடந்தாலும் அன்றே எழுதிவிடுவது என் பழக்கம்.

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் விழுந்த வரிகளை யாரும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் லேசர் சிகிச்சைக்குச் சேர்ந்தேன். கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாரிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். முதல் நாள் வயிற்றைப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்றார்கள். புள்ளிகள் மங்கவேயில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

தை மாதம், எடமலைப்பட்டி புதூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்க, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணி, இந்த வயித்தைப் பாருங்க. ரோடு போடத் தோண்டிப் போட்ட மாதிரி இருக்கு. இதையே சரி பண்ணிட்டாங்கன்னா என்னோடதெல்லாம் ஒண்ணுமேயில்ல."

அந்தக் கிளினிக்கின் விளம்பரம். 'சிகிச்சைக்கு முன்' என்று போட்டிருந்தது என் வயிறு. குடல்வால் ஆபரேஷன் தழும்பு, அதன் கீழே இரண்டு மச்சம், பாவாடை நாடா அழுத்திக் கறுத்த கோடு. பக்கத்தில் 'சிகிச்சைக்குப் பின்' என்று வழவழவென வேறொரு வயிறு. தழும்பும் இல்லை, மச்சமும் இல்லை.

மறுநாளே அங்கே போகப் போவதாகச் சொன்னாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். சொன்னால் பல் டாக்டர் கதை மாமியார்வரை போகும். அவள் கேலி செய்தது என்னைத்தான் என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அவளுக்கும் கரும்புள்ளி வந்துவிடக் கூடாதே. கதவைச் சாத்திவிட்டுப் புடவையை விலக்கிக் காட்டினேன். புள்ளிகள் வந்ததையும், பாதியில் நிறுத்தியதையும் சொன்னேன்.

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். இரண்டாவது படம் வேறு யாருடையதோ, தழும்புகூட இல்லை பார் என்றேன். படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள்.

"நீங்க பாதியில விட்டுட்டீங்க அண்ணி. முழுசாப் பண்ணியிருந்தா தழும்பும் போயிருக்கும்."

அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குள் விஷயம் வீட்டில் பரவியிருந்தது. சாதம் போடும்போது, பல் வலி தேவலையா என்று மாமியார் கேட்டார்.

கிளினிக்குக்கு போன் செய்து படத்தை எடுக்கச் சொன்னேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"முகம் தெரியலையே மேடம். உங்களோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

நிரூபிக்க வேண்டுமானால் நேரில் போய் மறுபடி வயிற்றைக் காட்ட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதும்போதும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாத்தனார் இப்போது சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. வரிகளோடு இருந்துவிடலாம் என்று ஆகிவிட்டது. என் உடம்பைக் காட்டியே என் வீட்டுப் பெண்ணை இழுத்தார்கள் என்பதைத்தான் விழுங்க முடியவில்லை. பக்கத்துப் படத்தில் இருப்பவருக்குத் தன் வயிறு அங்கே இருப்பது தெரியுமா, தெரியாதா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.