அடிமைக்காக எழுந்து நின்ற வாத்தியார்

வாத்தியாரய்யா, உங்களை நினைத்தாலே மனசு உறுத்துகிறது.

வெள்ளானூர்ப் பள்ளிக்கூடத்தில், ஒல்லியான அந்த வாத்தியார் அமெரிக்க அடிமைகளைப் பற்றிய நாவலை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். எஜமான் பேசும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். அடிமை பேசினால் எழுந்து நிற்பார்.

என் நைனா பண்ணையாள். அதனால் பிள்ளைகள் என்னை, "ஏ அடிமே, இங்க வாடி" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். வீட்டில் அழுதேன். நைனா பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கும்பிட்டு முறையிட்டார். அந்த நாவலையே வாசிக்கக் கூடாதென்று நிர்வாகத்தார் தடுத்துவிட்டார்கள்.

வாத்தியார் என்னைக் கேட்டார்: "கதை புடிக்கலியாம்மா?"

"கதை வேணுங்கய்யா. அவங்கோ அப்டி கூப்புடறதுதான் வேணாம்."

"அத நான்தாம்மா நிறுத்தியிருக்கணும்."

அவரையும் வேலையிலிருந்து அனுப்பினார்கள். பிள்ளைகள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நான் படிப்பை நிறுத்தினேன். வாத்தியார் பக்கத்தில் ஆவடியில்தான் இருக்கிறார் என்று தெரிந்தும், வெட்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. போன வாரம் காய்ச்சலில் இறந்துவிட்டார். அவருக்காக எல்லோரும் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.