ஆமென் சொன்னால்தான் வண்டி நகரும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பெருங்களத்தூரில் யாரைக் கேட்டாலும் என் லாரி ஷெட்டுக்கு வழி காட்டுவார்கள். தாம்பரம் மிஷனை நம்மவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனபோது, அவர்களுடைய ஜீப்பை வாங்கியதும் நான்தான்.

அதை ஷெட்டில் கொண்டுவந்து விட மிஷன் டிரைவரே வந்தார். நரைத்த மீசை, வெளுத்த காக்கி. முந்தின நாள் நன்றிக் கூட்டத்தில் வெள்ளைக்காரர்கள் அவருக்குப் போர்த்திய சால்வை இன்னும் தோளில் இருந்தது. மிஷன் வாசலில் நான் பக்கத்தில் ஏறியும், சாவியில் கை வைத்தபடி தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா, எடுக்கலயா?"

"துரை ஜெபம் பண்ணுவாரு சார். ஆமென் சொல்லிட்டுத்தான் எடுப்பேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "குன்றத்தூர் முருகா, காப்பாத்து."

"ஆமென்" என்று சாவியைத் திருப்பினார்.

ஷெட்டில் இறங்கியதும், "மிஷன்ல இனி உனக்கு வண்டி இல்ல. என்கிட்டயே ஓட்டு" என்றேன். நான் கூப்பிட்டு வராதவன் கிடையாது.

அவர் சாவியை என் கையில் வைத்தார். "துரைங்க அழுதுகினே நன்றி சொன்னாங்க சார், இத்தினி வருஷத்துக்கும் சேத்து. அத்தோட என் கணக்கு தீந்துபோச்சு. இனிமே யாருக்கு ஓட்றது?"

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

எத்தனையோ டிரைவர்களை வைத்து வேலை வாங்கியவன் நான். அன்றிலிருந்து ஒருவனுக்கும் நன்றி சொல்லப் பயமாக இருக்கிறது.