அம்புட்டுப் பேரும் கரையேறுற வரைக்கும்

செல்வலட்சுமி அக்காவைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பன்னிரண்டு வருடமாக அவளை ஏற்றி இறக்குகிறவன் நான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் டிரைவர், பெயர் சுடலை. காலையில் ஊர்ப் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போவேன், சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுவேன். சீசன் முடிந்து கம்பெனியை மூடிவிட்டால் அதே வேன், அதே ஆட்கள், போகிற திசை மட்டும் வேறு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். டிரைவருக்கு வாயும் ஹாரனும்தானே சொத்து, இதில் என்ன தப்பு?

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் ஒரு மாதம் போல மூடிக் கிடக்கும். ஆம்பளைகளுக்கு டீக்கடை, சீட்டு, தூக்கம். பொம்பளைகளுக்கு அதே அடுப்பு, அதே பாத்திரம். மிஞ்சிப் போனால் ஒரு கோயில் டூர் போவார்கள். அங்கேயும் கூடை சுமப்பதும் பிள்ளைக்கு மூக்கு துடைப்பதும் அவர்கள் வேலைதான். “லீவுன்னா விளையாடணும்லா? விளையாட்டு என்ன பிள்ளைகளுக்கு மட்டுமா?” என்று முதன்முதலில் கேட்டவள் செல்வலட்சுமி அக்கா. அதுவும் ஓடுகிற வேனில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே முதலாளியிடம் பேசி, சும்மா நிற்கிற வேனைக் கேட்டு வாங்கிவிட்டாள். டீசல் நம்முடையது, டிரைவர் இந்த அப்பாவி.

முதல் டூர் குற்றாலம், நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வருடமே. விடியற்காலையில் வண்டியை எடுக்கப் போகிறேன், முன்னால் குருவம்மாள் வந்து நிற்கிறாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் கத்தினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அவளுடைய மருமகள் வேலுத்தாய் வேனுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஊர்ப் பொம்பளைகள எல்லாம் தண்ணிக்கு இழுத்துட்டுப் போறியே, எம் மருமகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருட்டி பதில் சொல்லுவா? நீ முதல் ஆளா உள்ள பாஞ்சு கும்மாளம் போடுவ. எவ எங்கன முங்குனான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா வேன் படியில் நின்றபடியே சொன்னாள்: “சித்தி, அம்புட்டுப் பேரும் கரையேறுற வரைக்கும் என் கால்ல தண்ணி படாது. போதுமா?”

“படக்கூடாது. சொல்லிட்டேன்!” என்று வழிவிட்டாள் குருவம்மாள்.

இந்த வார்த்தை மறுநாளே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எந்த மாமியாரும் மறிக்கவில்லை. செல்வலட்சுமி கூட என்றால் சரி, போயிட்டு வா என்றுதான் சொன்னார்கள்.

அக்கா கம்பெனியில் தரைச்சக்கரம் செய்கிற அறைகளுக்கு சூப்பர்வைசர். பட்டாசு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. செருப்பு கூடாது, ஊக்கு கூடாது, செல்போன் வாசல் தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அருவியில் வைத்தாள். ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு எல்லாம் கழற்றி அவளிடம் கொடுத்துவிட வேண்டும். நாலு நாலு பேராகத்தான் உள்ளே போக வேண்டும். அவர்கள் வந்த பிறகு அடுத்த நாலு பேர். குற்றாலத்தில் ஒரு அம்மா இதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, “நீங்கல்லாம் போலீஸ் டிரெய்னிங்கா?” என்று கேட்டார்களாம். “இல்லம்மா, பட்டாசு” என்றிருக்கிறாள் வேலுத்தாய். அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

ஒரு டூரோடு நிற்கவில்லை. பொங்கல் லீவுக்கு ஆனைக்குட்டம் அணைக்கரையில் கயிறு இழுக்கிற போட்டி நடத்தினாள். சித்திரையில் வெம்பக்கோட்டை அணை வற்றிக் கிடக்கும். ஊரே தண்ணீர் இல்லையே என்று புலம்பும்போது இவள் மட்டும், “ஏலே சுடலை, கிரவுண்டு ரெடி” என்பாள். வெயில் ஏறும் முன் அந்த மணலில் எறிபந்து ஆட்டம் நடக்கும். சாரல் விழுந்தால் குற்றாலம். தீபாவளி கழிந்ததும் பெரிய டூர், மலையோ கடலோ. பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கப் பயப்படுகிற யோகலட்சுமி, மலைப்பாதையில் எல்லோருக்கும் முன்னால் ஏறிப்போய் மேலே நின்று கூவினாள் பாருங்கள், கீழே வேனில் இருந்த எனக்கே கேட்டது. எங்கள் ஊர்ப் பொம்பளைகள் விளையாடுகிறார்கள் ஐயா! வருடம் பூராவும் விளையாடுகிறார்கள். எத்தனை ஊரில் இதைச் சொல்ல முடியும்?

ஆனால் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இத்தனை பேரையும் விளையாட வைத்தவள் ஒரு தடவைகூட விளையாடியது இல்லை. அருவியில் நனைந்தது இல்லை. கடலில் கால் வைத்தது இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் மடி நிறையப் பைகளும், இடுப்பு முடிச்சில் எல்லோருடைய சங்கிலிகளுமாக, தண்ணீர் மேலேயே கண்ணாகக் கரையில் உட்கார்ந்திருப்பாள். கடைசி ஆள் கரையேறியதும் போகலாமே என்பீர்கள். கடைசி ஆள் ஏறும்போது முதல் ஆளுக்குப் பசி வந்துவிடும். சோற்றைப் பிரி, துணியை எண்ணு, வண்டியில் ஏறு. அவள் முறை வரவே வராது.

போன தீபாவளிக்குப் பிறகு கொடைக்கானல் போனோம். அக்காவுக்கு அதுதான் கடைசி டூர். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் மாரிசெல்விக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். தை பிறந்தால் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் அங்கேயே போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. இந்தத் தடவையாவது இவள் தண்ணீரில் இறங்குவாளா, இல்லை மூட்டை சுமந்தவளாகவே ஊரைவிட்டுப் போவாளா என்பதுதான் எனக்கு வழி நெடுகக் கவலை.

அந்த டூருக்குக் குருவம்மாளும் வந்திருந்தாள். ஆமாம், அதே குருவம்மாள்தான். மருமகள் வருடா வருடம் போட்டோ காட்டிக் காட்டி ஆசை வந்துவிட்டது. கேட்டால், “சும்மா பாத்துட்டு வாறேன், எனக்கென்ன ஆசையா பூசையா” என்றாள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். வளைவு வந்தால் ஏன் திருப்புகிறாய் என்கிறாள். திருப்பாமல் நேரே போனால் பள்ளத்தில்தான் போய் நிற்க வேண்டும் ஆத்தா என்றேன். அடுத்த வளைவுக்கும் அதே திட்டு.

ஏரியில் மிதிபடகு. சைக்கிள் மாதிரி மிதித்துக்கொண்டே போகிற படகு. நாங்கள் போன நேரம் வானம் வெளுத்திருந்தது, நல்ல குளிர். அக்கா ஒவ்வொருத்திக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, வழக்கம்போல நாலு நாலு பேராக ஏற்றினாள். ஊக்கெல்லாம் அவள் பர்ஸில். பிறகு கரையில் போட்டிருந்த பெஞ்சில் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட குருவம்மாள், அவித்த மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் டீயோடு பெஞ்சின் இந்த ஓரத்தில் இருந்தேன்.

படகுகள் போட்டி போட்டன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நம் ஆட்கள் மிதித்த மிதியில் ஒரு சென்னைக் குடும்பத்துப் படகு பின்தங்கிவிட்டது. நான் விசிலடித்தேன்.

“ஏட்டி, உன் காலு என்ன செய்யுது?” என்றாள் குருவம்மாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அக்காவின் இரண்டு காலும் பெஞ்சுக்குக் கீழே மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“குளிருதுல்லா சித்தி.”

“குளிருனா நடுங்கும். இது சைக்கிள்லா மிதிக்குது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீ ஏன் போகல?”

“நான் போறதில்ல.”

“இந்த ஊர்லயா?”

“எந்த ஊர்லயும்.”

“ஏன், நேர்த்திக்கடனா?”

அக்கா தண்ணீரில் இருந்த படகுகளை எண்ணத் தொடங்கினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “நேர்த்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்கதான சொன்னீக! வேனை மறிச்சு நின்னு, கால்ல தண்ணி படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக!”

“நானா? எப்பலே?”

எல்லாவற்றையும் சொன்னேன். குருவம்மாளுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே ஞாபகம் இல்லை. அன்று காலை கத்தியதை மத்தியானமே மறந்திருப்பாள். சோளத்தைக் கீழே வைத்தாள்.

“ஏ பாவி மகளே! நான் ஆயிரம் சொல்லுவேன். வேலுத்தாய நாளுக்குப் பத்து தடவை செத்துத் தொலைங்கேன், அவ செத்தாளா? நேத்து ராத்திரி நாலு தோசை தின்னுட்டுத்தான் கிளம்பி வந்திருக்கா. என் பேச்ச நான் கட்டுனவன் கேட்டதில்ல, பெத்த பிள்ளை கேட்டதில்ல. நீ எதுக்குட்டி கேட்ட?” குல்லாவை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். “சரி, நான் சொன்னத நானே திரும்ப எடுத்துக்கிட்டேன். எந்திரி, போ.”

“அது நீங்க சொன்னது இல்ல சித்தி, நானா குடுத்த வாக்கு. அந்த வாக்க நம்பித்தான ஒவ்வொரு வீட்லயும் அனுப்புறாக? பிள்ளைக தண்ணில இருக்கையில நான் எப்படிப் போவேன்?”

குருவம்மாள் எழுந்து நேரே தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். அந்த மூன்று தெருக் குரலை எடுத்தாள் பாருங்கள், படகுத்துறையே திரும்பியது.

“ஏ வேலுத்தாயி! ஏ யோகலட்சுமி! எல்லாரும் கரைக்கு வாங்கட்டி! ஒருத்தி தண்ணில இருக்கக் கூடாது!”

யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் எல்லாப் படகும் திரும்பின. ஒவ்வொருத்தியாக இறங்கி, என்ன என்ன என்று ஓடிவந்தார்கள். குருவம்மாள் அத்தனை பேரையும் கரையில் வரிசையாக நிறுத்திவிட்டு, அக்கா பக்கம் திரும்பினாள்.

“அம்புட்டுப் பேரும் கரையேறியாச்சு. இப்ப என்னட்டி சொல்லப் போற?”

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, எவளாவது விட்டுப்போயிருக்க மாட்டாளா என்று. ஒருத்தியும் விட்டுப்போகவில்லை. விஷயம் புரிந்த யோகலட்சுமி வந்து மடியில் இருந்த பைகளை வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டவளுக்குத் தன் லைஃப் ஜாக்கெட் கிளிப்பைப் போட வரவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

“நானும் கூடப் போறேன் அத்தை” என்று வேலுத்தாய் முன்னால் வந்தாள்.

“நீ ஏறினா அம்புட்டுப் பேரும் கரையில இருக்கது எப்படிட்டி? பேசாம நில்லு!”

ஆக, அக்கா தனியாகவே ஏறினாள். ஏறினதும் ஒரே கூத்து. படகு நேராகப் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. அவள் கம்பெனித் தரைச்சக்கரம் தோற்றது. கரையில் ஒருத்தி வலது பக்கம் என்கிறாள், ஒருத்தி இடது பக்கம் என்கிறாள், சென்னைக்காரர் ஏதோ இங்கிலீஷில் கத்துகிறார். “அக்கா, திருப்புற கம்பிய ஒடிச்சுப் பிடிக்காதீக! நேரா பிடிச்சு மிதிங்க!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கம்பி நேரானது. படகும் நேரானது. அப்புறம் மிதித்தாள் பாருங்கள், பின்னால் தண்ணீர் பொங்கியது. பெஞ்சுக்குக் கீழே மிதித்துப் பழகின காலாச்சே!

நடு ஏரியில் போய் மிதிப்பதை நிறுத்தினாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். இன்னொரு கை அள்ளித் தலையில் ஊற்றினாள். சிரித்தாள். அவள் அதட்டுவதைக் கேட்டிருக்கிறேன், கணக்குக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. தண்ணீர் மேலாகவே அந்தச் சிரிப்பு கரை வரைக்கும் வந்தது. குளிரில் மூக்கடைத்தது என்று உங்களிடம் கதைவிடலாம். எதுக்கு? அழுதேன்.

நேரம் முடிந்ததும் படகுத்துறைக்காரர் விசில் ஊதினார். அக்கா திரும்பி வந்தாள். கரைக்கு நெருங்கிவிட்டாள். தூக்கிவிட குருவம்மாள் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், கம்பியைத் திருப்பினாள், மறுபடியும் ஏரியைப் பார்த்து மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னொரு ரவுண்டு சித்தி!”

“மேடம், டைம் முடிஞ்சிருச்சு மேடம்!” என்று படகுத்துறைக்காரர் மறுபடியும் விசிலை வாயில் வைத்தார்.

“எய்யா, அத வாயில இருந்து எடும்” என்றாள் குருவம்மாள். “அவ பன்னெண்டு வருசத்துக்கும் சேத்து மிதிக்கா. வாறபோது வரட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேன். விசில் பைக்குள் போனது.

அதற்குப் பிறகு குருவம்மாள் பெஞ்சில் வந்து உட்காரவே இல்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே நடந்தாள். சென்னைக் குடும்பத்திடம், பலூன்காரனிடம், குதிரை வைத்திருந்தவனிடம், போட்டோ எடுத்துக்கொண்டிருந்த புது ஜோடியிடம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் ஏரியைக் கைகாட்டிச் சொன்னாள்: “அந்தா போறா பாருங்க, அவ எங்க ஊர்க்காரி.”