லிமாவில் இருபத்தைந்தாம் தேதி மத்தியானம்

விருந்துக்கு அழைப்பவர் நாள், நேரம், இடம் மூன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், அழைக்கப்பட்டவர் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசாங்க விழாக்களை ஏற்பாடு செய்யும் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியை நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். பெரிய மனிதர்கள் தவறான மண்டபத்துக்குப் போய் நிற்காமல் இருந்ததில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

என் தங்கை லிமாவில் வாழ்கிறாள். பெரு நாட்டின் தலைநகரம் அது. பசிபிக் கடலை ஒட்டிய ஊர். இளம் வயதில் அவள் இங்கே பினாங்கில், துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெருவில், ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தாள். பழுதாகி நின்ற சரக்குக் கப்பல் ஒன்றின் பொறியாளர் அந்த அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வந்தார். கப்பல் சரியாகிப் புறப்பட்ட பிறகும் அவரிடமிருந்து கடிதங்கள் வந்தன. கல்யாணம் அங்கே நடந்தது. அப்பா போகவில்லை, அப்பா போகாததால் வேறு யாரும் போகவில்லை. டிக்கெட் விலையும் அந்த முடிவுக்கு உதவியது.

அதன் பிறகு அவள் இரண்டு முறை பினாங்கு வந்தாள், இரண்டும் சாவுக்கு. எங்களில் ஒருவரும் அவள் வீட்டில் போய் உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவள் மாமியார், இந்த வருஷமும் உன் ஆட்கள் வரவில்லையா என்று கேட்பாராம். குத்தலாகக் கேட்பதில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று தங்கை சொல்வாள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. கிறிஸ்மஸுக்கு அங்கே வருகிறேன் என்று தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொறந்த வீட்டுச் சேலைய என்கிட்ட தனியா குடுத்துடாதீங்கண்ணே. எல்லாரும் சாப்பிட உக்காரும்போது, மாமியார் முன்னால குடுங்க. எனக்கும் ஆள் இருக்குன்னு அவங்க ஒரு தடவ பாக்கட்டும்."

பினாங்கு ஸ்ட்ரீட் ஜவுளிக்கடை ஒன்றில் பாதி நாள் உட்கார்ந்து மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்தேன். மஞ்சளும் குங்குமமும் வாங்கினேன். வெற்றிலை வாங்கவில்லை, பச்சை இலைகளுக்கு எல்லாச் சுங்கத்திலும் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். மற்றதையெல்லாம் லிமா விமான நிலையத்தில் நானே முன்வந்து காட்டினேன். அந்த அதிகாரி குங்குமத்தை மோந்து பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

அன்று டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி. தங்கையும் அவள் மகனும் என்னை அழைத்துப்போக வந்திருந்தார்கள். தங்கை கணவர் வீட்டில் படுத்து எழுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்பதால் ஹோட்டலில் அறை எடுத்திருந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே, கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்றாள். மகன் வந்து கூட்டிப்போகட்டுமா என்று கேட்டாள். முகவரி இருந்தால் போதும், கைபிடித்துக் கூட்டிப்போக நான் என்ன மந்திரியா என்றேன். சிரித்தாள்.

விதி பொருந்தியிருக்க வேண்டிய இடம் அதுதான். அவள் நாள் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. நான் கேட்கவில்லை, பினாங்கில் யாரும் கேட்பதில்லை. இங்கே கிறிஸ்மஸ் என்றால் இருபத்தைந்தாம் தேதி மத்தியானம். புலாவ் தீக்குஸ் வட்டாரத்தில் பழைய அலுவலக நண்பர் வீட்டு கேட் திறந்தே கிடக்கும். பதினொரு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கறி இருக்கும், கேக் இருக்கும், பாதிப் பேரை வீட்டுக்காரருக்கே தெரியாது. வேலையில் சேர்ந்த வருஷம் முதல் நான் அப்படித்தான் கிறிஸ்மஸ் கொண்டாடி வருகிறேன்.

இருபத்து நான்காம் தேதி கடலோரச் செங்குத்துப் பாறை மேல் நடந்தேன். அங்கே அது கோடைக்காலம். கடைக் கண்ணாடிகளில் பஞ்சை ஒட்டிப் பனி செய்திருந்தார்கள். பினாங்கு பேரங்காடிகளிலும் அதே பஞ்சுதான். ஆண்களும் பெண்களும் உலர்திராட்சை போட்ட பெரிய ரொட்டிப் பெட்டிகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல ஓடினார்கள். சாயங்காலம் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் யோசிக்கவில்லை. பயணக் களைப்பு. யாரும் எழுப்ப வேண்டாம் என்று வரவேற்பில் சொல்லி, கைப்பேசியை அணைத்துவிட்டு, இருட்டுவதற்குள் படுத்தேன். நடுவில் ஒருமுறை ஊர் முழுவதும் வாணவேடிக்கை வெடித்து விழிப்பு வந்தது. நம்ம தீபாவளியைத் தோற்கடித்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று நினைத்துத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

மறுநாள் இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை அணிந்து, சேலைப் பையோடு கிளம்பினேன். தெருவில் ஆளே இல்லை. வெகு நேரம் நின்றுதான் டாக்ஸி கிடைத்தது. தங்கை வீட்டில் திரைகள் மூடியிருந்தன. மணியடித்தேன். அவள்தான் திறந்தாள், கசங்கிய வீட்டு உடுப்பில். கண்கள் வீங்கியிருந்தன.

அவள் தோளுக்குப் பின்னால் மேசை தெரிந்தது. வான்கோழியின் எலும்புக்கூடு, கவிழ்ந்த கண்ணாடிக் குவளைகள், பாதி வெட்டிய ரொட்டி. மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன் முன்னால் கழுவித் துடைத்த தட்டு ஒன்று, அழுக்குப்படாமல்.

"இங்க நேத்து ராத்திரிதாண்ணே எல்லாம்" என்றாள். "பன்னெண்டு மணிக்கு உக்காருவோம். இன்னிக்கு எல்லாரும் தூங்குவாங்க."

ஹோட்டலுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். விருந்தினர் எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் அவள் மகனை அனுப்பவில்லை. அண்ணன் வேண்டுமென்றேதான் வரவில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அப்பா செய்ததும் அதுதானே. வெகு நேரம் காத்திருந்து, உணவு ஆறிய பிறகுதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"நீ தேதி சொல்லலையேம்மா" என்றேன். அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம்.

"நீங்க கேக்கலையேண்ணே. ஊருக்கெல்லாம் கேட்டு உறுதிப்படுத்துற ஆளு நீங்கதானே லா."

மாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அவங்க தட்டுல இருந்து நல்ல துண்டா எடுத்து என் தட்டுல வச்சாங்க. அதத்தாண்ணே என்னால தாங்க முடியல."

கிழவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்றாள். இரண்டு நாளில் எனக்கு விமானம். மறுநாள் விடியும் முன் கிழவியை அவருடைய மூத்த மகன் மலையடிவார ஊருக்கு அழைத்துப்போகிறார். சேலையைச் சமையலறையில், பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு மைத்துனர் அரைக்கால் சட்டையோடு வந்து என் கையைக் குலுக்கி, துறைமுகத்தில் கற்ற மலாயில், "அபாங், சுடா மக்கான்?" என்று கேட்டார். அண்ணே, சாப்பிட்டாச்சா என்று. இல்லை என்றேன். எனக்கு மட்டும் சூடுபண்ணிப் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

பினாங்கு திரும்பியதும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். முதல் வடிவத்தில் பத்திகளுக்கு எண் போட்டிருந்தேன். அனுப்பும் முன் எடுத்துவிட்டேன். படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. தைப்பூசம் போனது. கூப்பிட்டால் மைத்துனர் எடுத்து, அவள் வெளியே போயிருக்கிறாள் என்பார். வெளியே போகவே பிடிக்காத பெண் அவள். நடு வருஷத்தில் அவள் மகன் ஒரு படம் அனுப்பினான்: பூக்களுக்கு நடுவே மூடிய பெட்டி. கிழவி போய்விட்டார். என் தங்கைக்கும் ஆள் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருந்த ஒரே மனுஷி. அனுதாபம் எழுதினேன். மறுபடியும் நீலக் குறிகள். தீபாவளியும் போனது.

அடுத்த கிறிஸ்மஸுக்கு, வழக்கம்போல, மத்தியானம், புலாவ் தீக்குஸ் நண்பர் வீட்டில் கறித்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. ஒரு படம். அதே மேசை, வெட்டாத வான்கோழி. மாம்பழ நிறச் சேலையில் என் தங்கை. மேசையில் இரண்டு தட்டுகளுக்கு முன்னால் யாரும் இல்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்:

"அண்ணே, இப்பதான் உக்காரப் போறோம்."

தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். கைப்பேசியில் தேதி டிசம்பர் இருபத்தைந்து என்று இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், பதின்மூன்று மணி நேரம் பின்னால், இன்னும் இருபத்து நான்கு.