அப்பாவின்ரை கல்வெட்டும் அரண்மனைச் சரித்திரகாரரும்

அப்பா செத்த கிழமை நான் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்திலை ஒரு பைசாந்தியச் சரித்திரகாரரோடை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆள். கொன்ஸ்தாந்திநோப்பிள் அரண்மனையிலை ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தராக் கன பேரரசர்களுக்கு உத்தியோகம் பாத்தவர். அவை உயிரோடை இருக்கேக்கை சபையிலை எழும்பி நிண்டு வாய் கிழியப் புகழுவார். செத்தாப்பிறகு ஆறுதலா இருந்து உள்ளதை எழுதுவார். ஆர் சோம்பேறி, ஆர் பொம்பிளையளுக்குப் பின்னாலை திரிஞ்சவர், ஆருக்கு வாதத்திலை விரலெல்லாம் கோணிப்போனது, ஒண்டும் விடமாட்டார். பச்சைக் கள்ளன்! ஆனா அந்தக் கோணின விரலைப் பற்றி வாசிச்ச இடத்திலை, ஆரெண்டே தெரியாத அந்த ராசாவிலை எனக்குப் பட்சம் வந்திட்டுது. புகழ்ச்சியளை வாசிக்கேக்கை அப்பிடி ஒரு நாளும் வந்ததில்லை.

எங்கடை யாழ்ப்பாணத்து ஆக்கள் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறது வழக்கம். கல்லிலை ஒண்டும் வெட்டுறதில்லை, சின்னப் புத்தகந்தான். படம், பரம்பரை, தேவாரம், செத்தவரைப் பற்றிப் பாட்டு. வந்த சனத்துக்கெல்லாம் குடுத்து, வராத சொந்தத்துக்குத் தபாலிலை அனுப்புவினம். "நீதானே சரித்திரம் படிக்கிறாய், நீயே எழுது" எண்டு அம்மா சொல்லிப்போட்டா.

அப்பா ஊரிலை தபால் அதிபர். இஞ்சை ஒஸ்லோவிலை ரயில் பெட்டி கழுவினவர். ஊருக்கும் கனடாவிலை இருக்கிற சொந்தத்துக்கும் அப்பாவும் அம்மாவும் "ரயில்வேயிலை உத்தியோகம்" எண்டுதான் சொல்லியிருந்தவை. அது பொய்யுமில்லைத்தானே.

நான் உள்ளதை எழுதினன். சவுக்காரத் தண்ணியிலை வெடிச்ச கையை எழுதினன். வேலை முடிஞ்சு குரோருட்டிலை இருந்த எங்கடை வீட்டுக்கு ரயிலிலை வரேக்கை இருக்க இடமிருந்தாலும் நிண்டுகொண்டுதான் வருவார், "நான் கழுவின சீற்றை நானே ஊத்தையாக்கிறதோ?" எண்டு பகிடி விடுவார், அதை எழுதினன். குசினியிலை தனிய இருந்து பியர் குடிச்சதையும், கோவம் வந்தால் சோத்துக் கோப்பையைச் சுவரிலை எறிஞ்சதையும், கிழமைக்கணக்கா எங்களோடை கதைக்காமல் விட்டதையும் எழுதினன். அப்பாவை அவ்வளவு கிட்ட நான் ஒருக்காலும் பாத்ததில்லை. எழுதி எழுதி அழுதன்.

வாசிச்சுக் காட்ட அம்மாவுக்கு முகம் கறுத்துப்போச்சு.

"உனக்கென்ன விசரே? இதைக் கனடாவிலை இருக்கிற மச்சாள் வாசிக்கவோ?"

"அம்மா, இதை விட்டால் இஞ்சை இருந்த அப்பா ஒரு இடத்திலையும் இருக்கமாட்டார்."

"இல்லாமல் போகட்டும். அந்த மனுசனே ஆருக்கும் காட்டாத ஆளை நீ ஏன் காட்டுறாய்?"

எனக்குக் கோவம் பொத்துக்கொண்டு வந்தது. கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு பக்கத்து ரொம்சோஸ் வரைக்கும் உறைபனியிலை நடந்தன். திரும்பி வர, ஸ்டோவ்னரிலை இருக்கிற சித்தப்பா வந்து காரியத்தைத் தன்ரை கையிலை எடுத்திட்டார். ஆரோ ஒரு கமக்காரற்றை கல்வெட்டைக் கொண்டுவந்து, பேரை மட்டும் மாத்தி அச்சுக்குக் குடுத்தாச்சு. அவசரத்திலை ஆர் பாட்டைப் பாத்தது? ஏர் பிடிச்ச கையாலை எங்களை வளர்த்தவராம் அப்பா! தபால் முத்திரை குத்தின கை, ரயில் கழுவின கை. ஏரை அவர் தொட்டும் பாத்திருக்கமாட்டார்.

அந்தியேட்டியண்டு மண்டபத்திலை சித்தப்பா அந்தப் பாட்டை ராகத்தோடை வாசிக்க, சனம் மூக்கைச் சீறிச் சீறி அழுதுது. இவ்வளவு பேரிலை ஒருத்தருக்கும் ஏர் குத்தேல்லை. ஆருக்காக அழுகினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. என்ரை அப்பாவுக்கு அண்டைக்கு அங்கை ஒருத்தரும் அழேல்லை எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுவன். அவ்வளவு கோவம் எனக்கு.

அடுத்தநாள் பின்னேரம் அம்மா குசினியிலை வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. மத்தியானத்தோடையே இருட்டுற மார்கழி. வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை. நிமிந்து பாக்காமல் கேட்டா:

"நீ எழுதினதை எறிஞ்சிட்டியோ?"

"இல்லை."

"வாசி."

முழுக்க வாசிச்சன். பியருக்கும் ஒண்டும் சொல்லேல்லை, கோப்பைக்கும் ஒண்டும் சொல்லேல்லை. முடிய, கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னா:

"அவர் அழுறதை நீ எழுதேல்லை."

"அப்பா அழுதவரோ?"

"வேலையாலை வந்து குளியலறைக்குள்ளை போய், பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுவார். பிள்ளையளுக்குக் கேக்கக் கூடாதெண்டு. நான் கதவுக்கு வெளியாலை துவாயோடை நிப்பன். வெளியிலை வந்தாப்பிறகு நானும் கேக்கிறதில்லை, அவரும் சொல்லுறதில்லை."

எத்தினை வருஷம் அந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ரிவி பாத்திருப்பன்!

"அதையும் எழுது," எண்டா அம்மா. "ஆனா நான் இருக்குமட்டும் ஒருத்தருக்கும் காட்டாதை."

அண்டைக்கே எழுதி வைச்சன். போன மாரியோடை அம்மாவும் போயிட்டா. இனி ஆருக்கு மறைக்க?