எட்டே மாதத்தில் தீய்ந்த பிளேட்

முதல் கியரில் கிளட்சை விட்டால் கார் உதறியது. குளிர்ஜுரக்காரனைப் போல நாலைந்து உதறல். நகர்ந்துவிட்டால் ஒன்றும் இல்லை. ரிவர்ஸிலும் அதே கதை. பக்கத்து இருக்கையில் என் மனைவி, பக்கவாதத்துக்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்காத இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு உதறலுக்கும் அது மடியிலிருந்து நழுவும். அவள் எடுத்து மறுபடி வைத்துக்கொள்வாள்.

வாரத்தில் மூன்று நாள் இரும்புலியூரிலிருந்து மேடவாக்கத்துக்கு பிசியோதெரபி. ஆட்டோவுக்குக் கால் உயராது. வாடகைக் காரில் ஒரே ஒரு முறை போனோம். அவள் ஏறி உட்கார நாலு நிமிடம் பிடித்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி, "சீக்கிரம் ஏறும்மா, பின்னாடி வண்டி நிக்குது பாரு" என்றார். அன்று இரவே அவள் தீர்ப்பு வந்துவிட்டது.

"நீங்க ஓட்டினா வரேன். இல்லைன்னா வீட்டுலயே கையை ஆட்டிக்கறேன்."

ஆகவே கார் ஓடியாக வேண்டும். நான் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். ஒவ்வொரு இயந்திரக் கோளாறுக்கும் பத்து வரியில் ஒரு பரிசோதனை வரிசை எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவன். அதை யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் கெட்டிருந்தால் இன்ஜின் துள்ளும். துள்ளவில்லை. கிளட்ச் கேபிளின் தளர்வை ஸ்கேல் வைத்து அளந்தேன், சரி. கேபிள் உறையில் சிக்கல் இல்லை. மிச்சம் இருந்தது கிளட்ச் பிளேட். அதுவோ எட்டு மாதத்துக்கு முன்புதான் மாற்றியது. மாற்றிய மெக்கானிக்கின் மேல் என் சந்தேகம் முறைப்படி விழுந்தது. கண்டவற்றை வரிசை எண் போட்டு ஒரு முழுத்தாளில் எழுதி, கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அவர் ஷெட்டுக்குப் போனேன்.

அவர் தாளை நிதானமாகப் படித்தார்.

"சூப்பரா எழுதிகீறீங்க சார். எல்லாம் கீது. வண்டி ஓட்றவரு பேரு மட்டும் காணோம்."

"நான்தான் ஓட்டறேன். நாப்பது வருஷமா."

"அதான் சார், அத்த எழுதல."

கியர்பாக்ஸை இறக்கினார்கள். ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கும் என்பது என் முடிவு; தாளில் ஏழாவது எண். ஆயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. பிளேட்டோ கண்ணாடிபோல வழவழத்திருந்தது. அதை அழுத்தும் தட்டிலும், இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலிலும் சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள். அவர் பிளேட்டை என் மூக்கருகே நீட்டினார். கருகல் வாடை.

"இது ஆயில் இல்ல சார். கால் வெச்சிகினே ஓட்டுனா இப்டித்தான் தீயும்."

"கிளட்ச் மேல கால் வெச்சு ஓட்டற பழக்கம் எனக்குக் கிடையாது. அதுக்காக மத்தவங்களைத் திட்டினவன் நான்."

"சரி சார்" என்றார். வயதானவர்களிடம் சொல்லும் 'சரி'.

ஃப்ளைவீலைக் கடைசலுக்கு அனுப்பிச் சமப்படுத்தினார்கள். பிளேட், அழுத்தும் தட்டு, பேரிங் எல்லாம் புதிது. மூன்றாம் நாள் ஓட்டிப் பார்க்க என்னையே உட்காரச் சொல்லி, அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கிளட்சை விட்டேன், வெண்ணெய்போல நகர்ந்தது. வேளச்சேரி சாலையில் மூன்றாவது கியர் போட்டதும் அவர் குனிந்து கீழே பார்த்தார்.

"கால எடுங்க சார்."

"எடுத்தாச்சு."

"எடுக்கல சார்."

"எடுத்தாச்சுன்னு சொல்றேன்ல?"

"வண்டிய ஓரங்கட்டுங்க. கட்டிட்டு நீங்களே பாருங்க."

ஓரங்கட்டிக் குனிந்தேன். வண்டி நின்றுவிட்டது, கியர் நியூட்ரலில், கிளட்சுக்கு இனி வேலையே இல்லை. என் இடது கால் பெடல் மேல் இருந்தது. பாதி அழுத்தியபடி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல. எனக்கோ அது தரையில் இருப்பதாகவே பட்டது.

அவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "சுகர் கீதா சார்?" என்று மட்டும் கேட்டார். பதினாறு வருடமாக இருக்கிறது. அவரே ஓட்டி வந்து என்னை வீட்டில் இறக்கிவிட்டு, பேருந்தில் திரும்பிப் போனார்.

போன மாதம் மருந்துக்கடையிலிருந்து இடது செருப்பு இல்லாமல் வீடு வந்து சேர்ந்திருந்தேன். வார் அறுந்திருக்கும் என்றேன். என் மனைவி திரும்பிப் போய்ப் பார்க்கச் சொன்னாள். வார் அறாமல், கடை வாசலிலேயே கிடந்தது. அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். தொழிற்சாலைச் சுவரில் நான் மாட்டிய பத்து வரிகளில் முதல் வரி, இயந்திரத்தைத் திறக்கும் முன் அதை இயக்குபவரைக் கவனி என்பது. காருக்கு நான் இரண்டாவது வரியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

"வண்டி சரியாயிடுச்சா?" என்றாள்.

"வண்டி சரியாயிடுச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம், மறுநாள் செவ்வாய், சிகிச்சை நாள். ஆனால் சாலையில் அந்தக் கால் அடுத்து எதை மறக்கும் என்று எனக்குத் தெரியாது.

"சோபால காலை நீட்டுங்க. கண்ணை மூடுங்க" என்றாள். பிசியோதெரபியில் அவளுக்குச் செய்வது அது. கண்ணை மூடவைத்துக் கையில் பேனா நுனியால் தொடுவார்கள், எங்கே என்று அவள் சொல்ல வேண்டும். "தொட்டா சொல்லுங்க."

காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.

"எப்போ தொடப்போற?"

கண்ணைத் திறந்தேன். பேனா என் கட்டைவிரலின் மேல் இருந்தது. பாதத்தில், இங்கும் அங்குமாக, நாலு நீலப் புள்ளிகள்.

பேனாவை மூடி வைத்தாள். வலது கையால் கார்ச் சாவியை எடுத்து அலமாரிக்குள் போட்டாள்.

"நாளைக்கு எட்டரைக்கு வாடகைக் கார் சொல்லுங்க" என்றாள். "சீக்கிரம் ஏறுன்னு சொன்னா சொல்லட்டும். முதல்ல உங்க டாக்டர்கிட்ட போறோம்."