மதாம் கொடுத்த ஜமக்காளம்

என் அம்மாவுக்கென்று இந்த உலகத்தில் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பொருள். என் கூடப் பிறந்த அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதை என்ன செய்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. எனக்குக் கோபம் ஜாஸ்தி, என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஆனால் அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை.

அப்பா புதுச்சேரி டவுனில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் வீட்டில் தோட்டவேலை பார்த்தார். மதாம், மதாம் என்றுதான் அந்த அம்மாளைச் சொல்வார். வீட்டை விற்றுவிட்டுத் தன் தேசத்துக்குக் கிளம்பும்போது, ஹாலில் விரித்திருந்த கம்பளத்தைச் சுருட்டி மதாம் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் பாகூருக்கு வரும் பஸ்ஸின் கூரையில் ஏற்றி அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்களுக்குக் கம்பளமாவது ஒன்றாவது, 'மதாம் ஜமக்காளம்', அவ்வளவுதான். சாரல் அடித்தால் நெல் மூட்டைமேல் போர்த்துவோம். மார்கழிப் பனியில் கன்றுக்குட்டி அதன்மேல் படுத்துக் கிடக்கும். அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு அதைத் தட்டி உதறி நாலாக மடித்து, மேலே பாயைப் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள்.

அப்பா போனதும் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். யாருக்கும் குறை வரக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம். அண்ணன் கூறு போட்டான், தம்பி எடுத்தான். நெல் வயல், கரும்புக் கொல்லை, மோட்டார் தண்ணீர் முறை, பாத்திரம் பண்டம், ஜல்லிக்கரண்டி வரை எல்லாம் சரிபாதி. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். நான் எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் அம்மாவையும் பிரித்தார்கள். ஒரு மாதம் அண்ணன் வீடு, ஒரு மாதம் தம்பி வீடு. ஒண்ணாந்தேதி வந்தால் அம்மா தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாசலில் வெளியே வந்து அடுத்த வாசலில் நுழைய வேண்டும்.

ஜமக்காளத்தை மட்டும் யாரும் தொடவில்லை. "எலி மூத்திர நாத்தம் தாங்கல, இத எவன் வெச்சிக்குவான்?" என்றான் தம்பி. "சரி, அம்மாவே வெச்சிக்கட்டும்" என்று அண்ணன் பெரிய மனசு பண்ணினான்.

வில்லியனூரில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று அம்மாவை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! "பொண்ணு வூட்டுல குந்திக்கினு சாப்புட்டா ஊர்ல அவனுங்கள இன்னா பேசுவாங்க? நீ வேற, போடி" என்பாள். பிறகு ஒருநாள் அவளாகவே சொன்னாள். "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தா போதும்டி. பசிக்கிற நேரத்துக்கு ஒரு வாய் கஞ்சி வெச்சிக் குடிச்சிட்டு செவனேன்னு கெடப்பேன்." அவர்கள் தெருவிலேயே ஒரு சின்ன ஓட்டு வீடு வாடகைக்குக் காலியாக இருந்தது. அதற்கு வழி தேடித்தான் ஜமக்காளத்தை விற்கலாமா என்று கேட்டேன். "அந்தக் கந்தலு யாருக்குடி வேணும்? வித்தா வித்துக்கோ" என்றாள்.

என் மகள் அதைப் போட்டோ எடுத்துப் பழைய சாமான் விற்கிற ஆப்பில் போட்டாள். டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். அந்த மாதம் அம்மா இருந்த அண்ணன் வீட்டுக்கு நேரில் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஜமக்காளத்தைக் குப்புறத் திருப்பிப் போட்டு, முதுகில் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "அம்மா, இது பாரசீகக் கம்பளம். ஒவ்வொரு முடிச்சும் கையால போட்டது. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். எலி கடிச்ச ஓரத்தைக்கூட சரி பண்ணிடலாம். நீங்க தயவுசெய்து துடைக்கக்கூட வேணாம்" என்றார். அவர் சொன்ன விலையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் வயிறு எரியும். ஓட்டு வீட்டில் அம்மா கண்ணை மூடும்வரை யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் கத்தித்தான் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி மிக்ஸியை நிறுத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்காரர் வேனில் வந்தார், நானும் கூடவே போனேன். வாசலில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். பாகம் பிரித்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. அடடா, அம்மாவுக்காக ஒன்றாகிவிட்டார்களே என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணன் வாசலில் ஒரு கம்பளச் சுருள், தம்பி வாசலில் ஒரு சுருள்.

கடைக்காரர் ஒன்றைப் பிரித்தார். நடுவில் இருக்க வேண்டிய பெரிய பூ பாதி வட்டத்தோடு நின்றது. ஓடிப்போய் மற்றதைப் பிரித்தார். அங்கே மீதி வட்டம். மனிதர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் சாவுக்குக்கூட அவர் அப்படி உட்கார்ந்திருப்பாரா தெரியாது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"ஏன் கத்துற? அப்பன் சொத்து, ரெண்டு பேருக்கும் பாகம் உண்டு இல்ல" என்றான் அண்ணன். "டேப்பு வெச்சி அளந்து, நூல் புடிச்சி வெட்டனது. ஒரு விரக்கடை இப்டி அப்டி கெடையாது. அவன்தான் மொதல்ல எடுத்தான், கேட்டுப் பாரு."

"யக்கா, என் பாதியில கறை கீது" என்றான் தம்பி. "இருட்டுல கவனிக்காம எடுத்துட்டேன். அதுக்கு ஈடா அண்ணன் பித்தளை அண்டாவ குடுத்துட்டாரு. அவரவரு பங்க அவரவரு வித்துக்கறோம், உனக்கு இன்னா பிரச்சனை?" பிறகு கடைக்காரரிடம் திரும்பினான். "சார், நீங்க சொன்ன ரேட்டுல பாதி பாதி குடுத்துடுங்க, கணக்கு நேராப் போயிடும்."

கடைக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "தம்பி, இனிமே இது கால் தொடைக்கிற மிதியடிப்பா" என்றார். எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் வேனில் ஏறிப் போய்விட்டார்.

"இவன் ஏமாத்துறான்டா, வேற ஆளப் பாப்போம்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வெட்டு வாயைப் பார்த்தபடி நின்றேன். கரும்பு வெட்டும் கத்தியால் அறுத்திருக்கிறார்கள். அவ்வளவு கெட்டியான கம்பளம், ஆனாலும் கோடு போட்ட மாதிரி நேராக வந்திருந்தது. ஒருத்தன் நூல் பிடிக்க, ஒருத்தன் கத்தி போட, இன்னொருத்தர் இழுத்துப் பிடிக்காமல் அப்படி வராது.

"யார்ரா புடிச்சது?" என்றேன்.

இரண்டு பேரும் அம்மா பக்கம் திரும்பினார்கள். சுவரோரமாகத் தன் தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த அம்மா, நான் கேட்டதை எப்படியோ புரிந்துகொண்டு, "நான்தான்டி" என்றாள்.

"நீயா? உன் வூட்டுக்கு வெச்சிருந்ததும்மா அது! நீயே எப்பிடிம்மா புடிச்ச?"

"விடிகாலையில கத்தியத் தூக்கிக்கினு ரெண்டு பேரும் மொறச்சிக்கினு நின்னானுங்க. கோணையாப் போனா மறுபடி அதுக்கொரு சண்ட வரும். அதான் இழுத்துப் புடிச்சேன்."

எனக்கு அழுகையும் வரவில்லை. அவள் பக்கத்தில் போய் மண்ணிலேயே உட்கார்ந்தேன். கையைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையும் சிவந்து கன்றிப் போயிருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருக்கும். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இன்னா தேதி?" என்றாள்.

"ஒண்ணாந்தேதி."

"அதான்" என்றாள். "அங்க நேத்தோட முடிஞ்சிபோச்சி. இங்க இன்னும் பொட்டிய உள்ள வெய்யின்னு யாரும் சொல்லல."